மருந்தும் மூன்று நாளா?

“விருந்தும் மருந்தும் மூன்று நாள்” என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. விருந்தினர் மூன்று நாளைக்கு மேல் தங்குவது இரு சாராருக்கும் நலமன்று என்னும் உலகியலறிவு அதில் உண்டு. சுக்கும் மிளகும் இட்டுக் காய்ச்சிய கஷாயத்துக்கும் அக்கணக்கு ஒருவேளை பொருந்தலாம். ஆனால் இப்பழமொழியையே அளவுகோலாகக் கொண்டு, டைபாய்டுக் காய்ச்சலுக்கும் மூன்று நாள் மருந்து போதுமென்று நிறுத்திவிடும் வழக்கம் நம் குடும்பங்களில் வேரூன்றியிருக்கின்றது. அவ்வழக்கம் எத்துணைத் தீங்கு விளைப்பது என்பதை, நம் இல்லத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

நாம் மருத்துவம் கற்றவர் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி இரயில்வேயில் எழுத்தர் பணிக்கு வந்து, பாலக்காட்டில் குடியிருந்து வருகின்றோம். எனினும் நோயாளியின் அருகில் இருபது நாட்கள் அமர்ந்திருப்பவர்க்குச் சில செய்திகள் தாமாகவே புலப்படும். கேட்கத் தயங்காதவர்க்கு மருத்துவரும் பல செய்திகளைச் சொல்லுவர். அவ்வாறு கேட்டவற்றையும், பின்னர்ப் படித்துத் தெரிந்துகொண்டவற்றையுமே ஈண்டு எழுதுகின்றோம்.

நம் தங்கை மூணாற்றுக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேலை செய்கின்றாள். குடும்பம் லயத்தில் வாழ்கின்றது. பூர்விகமோ உடுமலைப்பேட்டைக்கு அருகில் ஒரு சிற்றூர். அவள் மகனுக்குப் பதினொரு வயது. சென்ற பங்குனியில் அச்சிறுவனுக்குக் காய்ச்சல் கண்டது. முதல் நாள் சிறிதாகத் தொடங்கி, நாளுக்கு நாள் படிப்படியாக ஏறிற்று. மாலையில் மிகுந்து காலையில் சற்றே தணிந்தது. தலைவலியும், பசியின்மையும், நாவில் வெண்மையும், வயிற்றில் மந்தமும் இருந்தன. ஒரு வாரம் கழித்து ஒரு மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கினர். பெயரெழுதாத காகித உறையில் மூன்று நாளைக்குரிய மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. காய்ச்சல் தணிந்தது. “பிள்ளைக்குக் குணமாகிவிட்டது” என்று சொல்லிக் குடும்பத்தோடு ஊர்த் திருவிழாவுக்கு இறங்கிவிட்டனர்.

தேர் நிலைக்கு வருமுன்னரே காய்ச்சல் திரும்பிற்று. இம்முறை சிறுவன் எழுந்து நிற்கவும் இயலாதவனாயினான். உடுமலையிலிருந்து இரயிலில் பாலக்காட்டுக்கு அழைத்து வந்தனர். மருத்துவமனையில் மருத்துவர் கேட்ட முதற்கேள்வி, “முன்பு என்ன மருந்து கொடுத்தீர்கள்? எத்தனை நாள்?” என்பதே. மாத்திரை வெள்ளையாக இருந்தது என்பதன்றி ஒருவர்க்கும் விடை தெரியவில்லை. அந்த ஒரு விடை தெரிந்திருந்தால் எம்மருந்து பலிக்கவில்லை என்பதாவது தெரிந்திருக்கும் என்று மருத்துவர் வருந்தினார்.

அவர் மருந்து தொடங்குமுன் சிறுவனின் இரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்பினார். அதன் பயனை விளங்கிக்கொள்ள, நோயின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். டைபாய்டு என்பது ‘சால்மொனெல்லா டைஃபி’ என்னும் கிருமியால் வருவது. 1880ஆம் ஆண்டில் எபெர்த் என்னும் ஜெர்மன் அறிஞர் அக்கிருமியைக் கண்டார். 1884இல் காஃப்கி என்பவர் அதைத் தனியே வளர்த்துக் காட்டினார். நோயாளியின் மலத்திலிருந்து நீரிலும் உணவிலும் கலந்து மற்றவர் வயிற்றை அடையும் இக்கிருமி, குடற்சுவரைக் கடந்து இரத்தத்தில் புகும். பின்னர்க் கல்லீரல், மண்ணீரல், எலும்பு மச்சை, பித்தப்பை ஆகிய இடங்களில் குடிகொள்ளும். உடலைக் காக்கும் வெள்ளணுக்களுக்கு உள்ளேயே ஒளிந்து வாழும் ஆற்றல் அதற்கு உண்டு. காவற்காரன் வீட்டிலேயே கள்வன் பதுங்கியிருப்பது போன்றது இது. ஆதலின் இரத்தத்தில் உள்ளவை மடிந்தபின்னும், மச்சையிலும் ஈரலிலும் பதுங்கியவை எஞ்சி நிற்கும். மூன்று நாள் மருந்து இவ்விடத்தில்தான் தோற்கின்றது. மருத்துவம் கிட்டாத நிலையில், மூன்றாம் வாரத்தில் குடலில் துளை விழுவதும் இரத்தம் கசிவதும் உண்டு. மருந்துகள் தோன்றாத காலத்தில் இந்நோய் கண்ட 100 பேரில் 10 முதல் 20 பேர் வரை மாண்டனர்.

இரத்தத்தை வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்புவதே கிருமியை நேரில் பிடிக்கும் வழி. அதிலும் 100 நோயாளிகளில் ஏறத்தாழ 40 முதல் 60 பேரிடமே கிருமி அகப்படும். முன்னரே மருந்து உட்கொண்டிருந்தால் அவ்வாய்ப்பு இன்னும் குறையும். எலும்பு மச்சையில் தேடினால் 80க்கு மேற்பட்டோரிடம் அகப்படும். ஆனால் எல்லோருக்கும் மச்சையில் ஊசி செலுத்த இயலுமா? நல்வினையாக, நம் மருமகனின் இரத்தத்தில் கிருமி வளர்ந்தது. சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் மருந்துக்கு அது பணியாது என்றும், செஃப்ட்ரியாக்சோன், அசித்ரோமைசின் ஆகியவற்றுக்குப் பணியும் என்றும் சில நாட்களில் முடிவு வந்தது.

இங்கு மருந்துகளின் வரலாற்றைச் சிறிது சொல்லுதல் தகும். அதில் தமிழர் வாழும் மண்ணுக்கும் மலையாள மண்ணுக்கும் பங்குண்டு. டைபாய்டை முதன்முதல் வென்ற மருந்து குளோராம்ஃபெனிகால். 1948இல் மலாயாவின் கோலாலம்பூரில் அமெரிக்க மருத்துவர்களான வுட்வார்டு, ஸ்மாடெல் முதலியோர் வேறொரு காய்ச்சலுக்காக அம்மருந்தை ஆராய்ந்துகொண்டிருந்தனர். நோயாளிகளுள் சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு என்பது பின்னர்த் தெரிந்தது. வாரக்கணக்கில் எரிக்கும் காய்ச்சல், மருந்து தொடங்கிய மூன்று நான்கு நாட்களில் தணிந்தது கண்டு அவர்கள் வியந்தனர். ஆனால் காய்ச்சல் தணிந்ததும் மருந்தை நிறுத்திவிடலாகாது என்பதும் விரைவிலேயே விளங்கிற்று. நிறுத்தியவர் பலருக்கு நோய் திரும்பிற்று. அதனாலேயே இரண்டு மூன்று வாரங்கள் வரை அம்மருந்தைக் கொடுக்கும் முறை நிலைபெற்றது.

கால் நூற்றாண்டுக்குள் அம்மருந்தின் வலிமை குன்றத் தொடங்கிற்று. 1972இல், பாலக்காட்டிலிருந்து சில மணி நேர இரயில் தொலைவில் உள்ள கோழிக்கோட்டில், குளோராம்ஃபெனிகாலுக்குப் பணியாத டைபாய்டு பரவிற்று. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பணிக்கர், விமலா ஆகிய இருவரும் அவ்வெதிர்ப்புத் திறன் ஒரு கிருமியிலிருந்து மற்றொரு கிருமிக்குத் தாவக்கூடியது என்று காட்டி, ‘நேச்சர்’ என்னும் புகழ்பெற்ற அறிவியல் ஏட்டில் எழுதினர். அதே ஆண்டில் மெக்சிகோவிலும் இத்தகைய கொள்ளைநோய் தோன்றிற்று. 1980களின் இறுதியில் ஒரே வேளையில் மூன்று பழைய மருந்துகளுக்கும் பணியாத கிருமி இந்தியாவில் பரவிற்று. அதற்கு மாற்றாக வந்த சிப்ரோஃப்ளாக்சசினும் பின்னர் நம் நாட்டில் பெரும்பாலும் பயனற்றுப் போயிற்று. 2016 முதல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில், செஃப்ட்ரியாக்சோனுக்கும் அடங்காத டைபாய்டு பரவிற்று. வாய்வழி மருந்துகளில் அசித்ரோமைசின் ஒன்றே அங்கு எஞ்சியது. அரைகுறையாக உட்கொள்ளும் ஒவ்வொரு மாத்திரையும் கிருமிக்குப் பயிற்சி அளிப்பதாகும். நம் லயத்தில் தொடங்கும் அரைகுறை மருத்துவமும் இவ்வரலாற்றில் ஒரு வரியாகவே சேரும்.

மருமகனுக்கு செஃப்ட்ரியாக்சோன் ஊசி தொடங்கினர். முதல் மூன்று நாட்களும் காய்ச்சல் அசையவில்லை. சம்பந்தியம்மாள், “இந்த மருந்து கேட்கவில்லை, வேறு மருத்துவரிடம் கொண்டு போவோம்” என்று கண்ணீர் வடித்தார். மருத்துவரோ, பொருத்தமான மருந்தாயினும் டைபாய்டில் காய்ச்சல் முற்றும் விட நான்கு முதல் ஏழு நாட்கள் ஆகுமென்று அமைதியாக விளக்கினார். ஆறாம் நாள் உடல் குளிர்ந்தது. உடனே அதே அம்மையார், “காய்ச்சல்தான் விட்டதே, இனி ஊசி எதற்கு?” என்று புறப்பட ஆயத்தமானார். மூன்றாம் நாள் பொறுமையின்மையும் ஆறாம் நாள் அவசரமும் ஒரே தாயின் அன்பிலிருந்து பிறந்தவையே. எனினும் இரண்டும் நோய்க்கே துணை செய்வன.

நம் தங்கையின் நிலையையும் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. வேலைக்குச் செல்லாத ஒவ்வொரு நாளும் அவளுக்குக் கூலி இல்லாத நாள். “அண்ணா, இன்னும் எட்டு நாள் இங்கிருந்தால் மாதக் கடைசியில் அரிசிக் கடனுக்கு என்ன செய்வேன்?” என்று அவள் கேட்டபோது நம்மிடம் எளிய விடை இல்லை. மருந்தைக் குறைப்பவர்கள் அறியாமையால் மட்டும் குறைப்பதில்லை, வறுமையாலும் குறைக்கின்றனர். முடிவில் அவள் மலைக்குத் திரும்பினாள். சிறுவன் நம் இல்லத்தில் தங்கினான். ஊசி நிறுத்தப்பட்டபின் மீதி நாட்களுக்கு மருத்துவர் எழுதிய மாத்திரையை, சுவரில் தொங்கிய நாட்காட்டியில் குறியிட்டுக் கொடுத்து வந்தோம். “மாமா, இன்று எத்தனையாம் நாள்?” என்று கேட்டு அவனே குறியிடுவான். மொத்தம் பதினான்கு நாட்கள் நிறைந்த பின்னரே அவனை உடுமலை வண்டியில் ஏற்றினோம்.

அத்துடன் கதை முடிந்ததா எனின், முடியவில்லை. மூன்று வாரம் கழித்துத் தங்கையிடமிருந்து தொலைபேசி வந்தது. மனநிறைவுக்காக ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் ‘வைடால்’ பார்த்தாளாம். “அண்ணா, எண் இன்னும் இறங்கவில்லையே! 320 என்று இருக்கின்றதே! திரும்பவும் ஒரு சுற்று மருந்து கொடுக்க வேண்டுமென்கிறார்களே!” என்று நடுங்கிய குரலில் சொன்னாள். நாம் அத்தாளின் படத்தை வாங்கி மருத்துவரிடம் காட்டினோம். அவர் தந்த விளக்கம் எல்லாக் குடும்பங்களும் அறிய வேண்டுவது.

கிருமி உடலுள் புகுந்தால், உடல் அதற்கு எதிராக எதிர்ப்பொருள் என்னும் புரதங்களை உண்டாக்கும். 1896இல் பிரெஞ்சு மருத்துவர் வைடால் கண்ட பரிசோதனை அவ்வெதிர்ப்பொருளை அளப்பது. இரத்தநீரை 20 மடங்கு, 40 மடங்கு, 80 மடங்கு என்று நீர்க்கச் செய்துகொண்டே போவர். எத்தனை மடங்கு நீர்த்த பின்னும் அது டைபாய்டுக் கிருமிகளை ஒன்றாகத் திரளச் செய்கின்றதோ, அதுவே அந்த எண். 320 என்றால் 320 மடங்கு நீர்த்தும் வலிமை எஞ்சியது என்று பொருள். ஆயின் இவ்வெதிர்ப்பொருள்கள் நோயின் முதல் வாரத்தில் பெரும்பாலும் தோன்றுவதில்லை. தோன்றியபின் நோய் தீர்ந்தாலும் மாதக்கணக்கில் நிற்கும். முன்னொரு காலத்தில் வந்த நோயாலும், தடுப்பூசியாலும் அவை இருக்கலாம். ஆதலின் வைடால் எண் நோய் தீர்ந்ததற்கோ தீராததற்கோ சான்றாகாது. நாம் இரயில்வேயில் இருப்பதை அறிந்த மருத்துவர், “உங்கள் நிலையப் பதிவேட்டில் வண்டி வந்த செய்தி இருக்கும், அதைப் பார்த்து வண்டி இன்னும் நடைமேடையில் நிற்கின்றது என்று சொல்வீர்களா?” என்று கேட்டுச் சிரித்தார்.

“அப்படியாயின் மருந்து வேலை செய்கின்றது என்பதை எதனால் அறிவது?” என்று கேட்டோம். முதலாவது, காய்ச்சல் படிப்படியாக இறங்குதலும் பசி திரும்புதலும். இரண்டாவது, சில இரத்தக் குறிகள். உடலில் அழற்சி உண்டானால் கல்லீரல் சி-ரியாக்டிவ் புரதம் என்னும் பொருளை மிகுதியாகச் சுரக்கும். மருந்து பலிக்கத் தொடங்கினால் அது சில நாட்களில் இறங்கும். வெள்ளணுக்களில் இயோசினோஃபில் என்னும் வகை டைபாய்டில் பெரும்பாலும் மறைந்துபோகும். நோய் தணியுங்கால் திரும்பத் தோன்றும். இவை டைபாய்டுக்கு மட்டுமே உரிய குறிகள் அல்ல. ஆதலின் நோயாளியின் நிலையோடு சேர்த்தே மருத்துவர் இவற்றை எடைபோடுவர். இன்டர்ஃபெரான்-காமா, இன்டர்லூக்கின்-6 போன்ற தூதுப் பொருள்கள் நோயின் உச்சத்தில் ஏறி, குணமாகுங்கால் இறங்குவதை ஆய்வுக்கூடங்களில் அளந்திருக்கின்றனர். அவை இன்னும் அன்றாட மருத்துவத்துக்கு வரவில்லை. கிருமியின் மேலுறையான ‘வி-ஐ’ என்னும் பொருளுக்கு எதிரான எதிர்ப்பொருள், கிருமியை நெடுங்காலம் சுமப்பவரைத் தேடுவதற்குத் துணை செய்யும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. இக்குறிகள் எல்லாம் இறங்கியபின்னும், 100 பேரில் 5 முதல் 10 பேர் வரை நோய் திரும்ப வரலாம். பெரும்பாலும் காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று வாரங்களில் அது நிகழும். ஆகவே அக்காலத்தில் காய்ச்சல் மீண்டும் கண்டால் தாமதியாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். காய்ச்சல் இல்லையெனில், எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டா. மருத்துவர் தங்கையிடமே தொலைபேசியில் பேசினார். “பையனுக்குக் காய்ச்சல் உண்டா? சாப்பிடுகிறானா? விளையாடுகிறானா?” என்று கேட்டார். “காலையிலிருந்து பந்தாடுகிறான்” என்றாள் அவள். “அப்படியானால் மருந்து வேண்டா. நாங்கள் குழந்தைக்குத்தான் மருந்து கொடுப்போம், காகிதத்துக்குக் கொடுப்பதில்லை” என்றார். அச்சிறுவனுக்கு அதன்பின் காய்ச்சல் வரவில்லை.

டைபாய்டு பழங்காலத்து நோய் என்று எண்ணுவோரும் உளர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் முன்னின்று 2017 முதல் 2020 வரை தில்லி, கொல்கத்தா, புனே, வேலூர் ஆகிய நான்கு இடங்களில் ஏறத்தாழ 24,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தனர். நகர்ப்புற இடங்களில் 1,00,000 குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 576 முதல் 1,173 பேர் வரை டைபாய்டு கண்டது. புனேயின் நாட்டுப்புறத்திலோ 35 மட்டுமே. மக்கள் நெருங்கி வாழ்ந்து, நீரும் கழிவும் அண்டியிருக்கும் இடமே இந்நோயின் இருப்பிடம் என்பது இதனால் தெளிவாகும். லயங்களிலும், கோடையில் லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் நம் கிழக்குச் சித்தூர் ஊர்களிலும் வாழ்வோர் இதை மனத்திற்கொள்ள வேண்டும்.

நம்மவருள் பலர் உணவகங்களிலும் தேநீர்க் கடைகளிலும் பணியாற்றுகின்றனர். நோய் தீர்ந்தவர் 100 பேரில் 1 முதல் 5 பேர் வரை, பித்தப்பையில் கிருமியைச் சுமந்துகொண்டு, தாம் நலமாக இருந்தே பிறருக்கு நோய் தருவர். நியூயார்க்கில் சமையற்காரியாக இருந்த மேரி மல்லான் இத்தகையவர் என்பது 1907இல் வெளிப்பட்டது. கேரளத்தில் 2023இல் உணவுத் தொழிலாளருக்கு உடல்நல அட்டை கட்டாயமாக்கப்பட்டபோது, டைபாய்டு தடுப்பூசியும் அதில் சேர்க்கப்பட்டது. அதைச் சுமையென்று கருதாது ஏற்றல் நன்று. நம் நாட்டு ஹைதராபாத்தில் செய்யப்படும் ஒரு தடுப்பூசிக்கு 2017ஆம் ஆண்டின் இறுதியில் உலக நலவாழ்வு நிறுவனம் தகுதிச் சான்று அளித்தது. ஆறு மாதக் குழந்தைக்கும் ஒரே ஊசியாகப் போடத் தக்கது அது. தடுப்பூசி போட்டாலும் கொதிக்கவைத்து ஆறிய நீரே பருகுதல் வேண்டும். கழிப்பிடம் சென்று வந்ததும், உணவைத் தொடுமுன்னரும் சோப்பால் கை கழுவுதல் வேண்டும்.

முடிவாக ஒன்று சொல்வோம். எல்லையோரத் தமிழர் வாழ்க்கை இரண்டு மாநிலங்களில் பகுந்து கிடக்கின்றது. வேலை ஓரிடம், குலதெய்வம் ஓரிடம். மலையாளத்தில் கேட்கும் மருந்துக்கடை ஓரிடம், தமிழில் பேசும் மருத்துவர் ஓரிடம். நம் உடலில் உள்ள நோய்க்கு மட்டும் எல்லை இல்லை. ஆதலின் ஒவ்வொரு குடும்பமும் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளல் நலம். எந்த நாளில் காய்ச்சல் தொடங்கிற்று, எம்மருந்து, எத்தனை நாள், எப்பரிசோதனை என்று தமிழில் எழுதி, மருந்துச் சீட்டையும் மாத்திரை அட்டையையும் அதனுள் வைத்தல் வேண்டும். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் சீட்டின்றி வாங்கத் தகாத மருந்து என்று அறிக. கேரள அரசு 2024இல், சீட்டின்றி ஆன்டிபயாடிக் விற்பதைத் தடுக்கக் கடைகளைச் சோதித்ததும், அம்மருந்துகளை நீல உறையில் இட்டுக் கொடுக்க முனைந்ததும் இக்காரணம் பற்றியே.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். கூலி இழந்து பிள்ளையின் அருகில் இருக்கும் தாய்க்கு, மருந்து முடியும் வரையிலேனும் அரிசிக்கு வழி செய்யும் ஒரு சிறு உதவி நிதி தொடங்கினால், மருந்து நடுவில் நிற்பது பாதி குறையும். பயணச்சீட்டு இல்லாமல் வண்டி ஏறுவது தவறென்று நம்மவர் நன்கு அறிவர். மலை ஏறும்போதும் இறங்கும்போதும் மருந்துச் சீட்டும் அவ்வாறே கூட வரட்டும். மருத்துவர் குறித்த கடைசி நாள் வரை மருந்தும் தொடரட்டும்.